அணைக்காத என்ஜின்

பாரிசில் இருக்கும் என் அக்கா வீடியோ கோலில் வந்தபோது, நான் வன்னியில், மல்லாவி வீட்டில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு முற்றத்தில் நின்றேன். பக்கத்தில் என் பழைய டீசல் வான் உறுமிக்கொண்டு நின்றது.

அக்கா தன் காரைக் காட்டினா. இரும்புக் கை ஒன்று அதைத் தூக்கி நசுக்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, ஓடுற காரெல்லோ! நிப்பாட்டச் சொல்லுங்கோ அக்கா!" என்று கத்திவிட்டேன்.

"ஓமடா, நல்லா ஓடினதுதான். கூடப் புகைக்கிற பழைய காரை உடைக்கக் குடுத்தால், புதுசு வாங்க இஞ்சை அரசாங்கம் காசு தருது."

சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஆட்கள் நாங்கள். நின்றால் மறுபடி ஸ்டார்ட் வராது என்று, ஓடுகிற என்ஜினை லேசில் அணைக்க மாட்டோம். எண்ணெய் கிடைக்கிற இந்த நாளிலும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சாப்பிட வந்தாலும் வான் முற்றத்தில் ஓடிக்கொண்டுதான் நிற்கும்.

"உங்கடை அரசாங்கத்துக்கு விசரே? புகைக்குப் பயந்து ஆரும் ஓடுற வாகனத்தைக் கொல்லுவினமோ?"

அக்கா திரையில் எனக்குப் பின்னால் எதையோ உற்றுப் பார்த்தா.

"தம்பி, யன்னலடியிலை பிள்ளை ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாள்?"

திரும்பினேன். வானின் புகை நேராக அந்த யன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே என் மகள். அவளுடைய தோள்கள் குலுங்கின, சத்தம் மட்டும் வரவில்லை.

ஓடிப்போய் வானின் என்ஜினை அணைத்தேன். அதன் பிறகுதான் அவள் இருமுவது எனக்குக் கேட்டது.

எத்தனை நாளாக இருமுகிறாளோ, என் பிள்ளை.