பாவு நீட்டிய தெருவில் ஒரு தீர்ப்பு

சென்ற மாதம் ஒரு பைக், இன்னும் புடவையாகாத ஒரு புடவைக்குள் புகுந்து வெளியே வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பக்கத்துத் தெரு. காலையில் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, தறியில் ஏற்றுமுன் பாவு சரிசெய்வார்கள். சாப்பாடு டெலிவரி செய்யும் சுரேஷ் அதை அறுத்துக்கொண்டு போய் விழுந்தான். நூலுக்குச் சொந்தக்காரரான தேவகி அக்கா, போலீசுக்குக் கிளம்பிவிட்டார்.

சுரேஷ் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸாகி, உடல்தகுதித் தேர்வுக்குக் காத்திருந்தவன். வழக்குப் பதிவானால்... காக்கிச் சட்டை கனவோடு சரி.

எங்கள் பகுதியில் ஒரு சமரசக் குழு உண்டு. சின்னத் தகராறுகளை ஸ்டேஷனுக்குப் போகுமுன் பேசித் தீர்ப்போம். ஒரு வக்கீல் மேடம் தலைவர், நான் உறுப்பினர். இருவரையும் உட்காரவைத்தோம்.

"ஃபோனு இந்த வழியாத்தான்க்கா காட்டுச்சு" என்றான் சுரேஷ்.

"தென்னேரி ஏரில எறங்குன்னு காட்னா எறங்கிடுவியாடா?" தேவகி அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. "இதோட எத்தினி வாட்டி மேடம்! ஒவ்வொருத்தனா திட்டிக்கினே இருக்குறேன், புதுசா ஒருத்தன் வரான்."

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒரே இடத்தில் பிழை திரும்பத் திரும்ப வந்தால், ஆளைப் பார்க்க மாட்டேன், இடத்தைப் பார்ப்பேன். மேப்பைத் திறந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் பக்கம் வர, அந்தத் தெருவைத்தான் குறுக்குவழி என்று காட்டியது!

வக்கீல் மேடம் முடிவு சொன்னார். ஒன்று, காலையில் இந்தத் தெரு மூடல் என்று மேப்பில் திருத்தம் கேட்பது. இரண்டு, பாவு போடும் நாட்களில் முனையில் சிவப்புத் துணி கட்டிய கயிறு. மூன்று, கயிற்றுக்குக் காவல் சுரேஷ். அறுந்த நூலைப் பிணைக்கவும் அவனே உதவ வேண்டும்.

தேவகி அக்கா அரை மனதோடு சம்மதித்தார். அவன் போட்ட முடிச்சுகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"நீ போலீசுக்கே போயிடுப்பா. இதுக்கு ஆவ மாட்ட."

புகார் எழுதப்படவே இல்லை. அதன்பின் ஒரு நூலும் அறுபடவில்லை. உடல்தகுதித் தேர்விலும் சுரேஷ் தேறிவிட்டான்!

தண்டனையால் ஓர் ஆள் திருந்தலாம். காரணத்தைச் சரிசெய்தால்? அடுத்த ஆள் தப்பு செய்யவே வழியில்லை.

நேற்றுக் காலை கயிற்றின் முன் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. சுரேஷ் கையை நீட்டினான்.

"பாவு போட்டிருக்குது சார். அந்தப் பக்கமா சுத்திக்கினு போயிடுங்க."

ஜீப் ரிவர்ஸ் எடுத்தது.

தேவகி அக்காவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது.