பஸ் நிற்காத நிழற்குடை

இன்று காலை கம்பம் போக, டீக்கடை முன்னால் வெயிலில் டவுன் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் எங்கள் வார்டு மெம்பர், தலையில் துண்டோடு.

"ஏண்ணே, பஞ்சாயத்துக் காசுல கட்டுன நிழற்குடை அங்கன இருக்கு. நீங்க ஏன் இங்கன காயுறீக?"

"அங்கன பஸ் நிக்காதே தம்பி."

"அப்ப எதுக்குண்ணே அங்கன போய்க் கட்டுனாக?"

"நாளைக்கு ஊரு வளர வேண்டாமா?"

பஸ் வந்து, எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டது. ஊரைத் தாண்டி, அந்த நிழற்குடையையும் நிற்காமல் தாண்டியது. அதன் பின்னால் இருந்த திராட்சைத் தோட்டத்தில் பந்தலைப் பிரித்துவிட்டு, வரிசையாக மஞ்சள் கல் ஊன்றியிருந்தார்கள்.

நான் பார்ப்பதை மெம்பர் கவனித்துவிட்டார்.

"உனக்கும் ஒரு பிளாட் பேசி விடவா? பஸ் ஸ்டாப்பு பக்கத்துலயே இருக்கு."

உங்கள் ஊரில் ஆளில்லாத இடத்தில் நிழற்குடை முளைத்தால், உள்ளே உட்காராதீர்கள். பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே வந்து சொல்லுங்கள்.