இரண்டாம் மாடிப் பலகை

அகஸ்ரீனா இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்து இருபத்தாறு வருடம். அதில் முக்கால்வாசி மற்றவர்கள் வீட்டுத் தரையைத் துடைத்தே போயிற்று. அப்படித் துடைத்துத்தான் கால்சாப் பகுதியில், லிப்ட் இல்லாத பழைய கட்டடமொன்றின் நாலாம் மாடியில், இரண்டு அறை வீட்டை வாங்கினாள். அப்போது கணவன் கிறிகோரி துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற ஆள். படியெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டேயில்லை. பிறகு பாரிசவாதம் வந்தது, இடது கால் இழுத்துக்கொண்டது. ஏறும்போது இரண்டாம் மாடியோடு மூச்சு முட்டும். ஞாயிறு பூசைக்கு மட்டும் இறங்குவார். அதையும் விட்டால் மனுசன் கட்டிலோடு போய்விடுவாரே என்று அவளுக்குப் பயம்.

வழி கண்டவன் ஸ்ரீபன். இரண்டாம் மாடிக்காரன், அவள் மகள் கிளறாவுக்கு ஞானத்தகப்பன். தன் வாசலுக்கு எதிரே, பொதுச் சுவரில், மடித்து வைக்கிற பலகை இருக்கையொன்றைத் தானே துளை போட்டுப் பூட்டிக் கொடுத்தான்.

"அனுமதி எடுக்கத் தேவையில்லையோ தம்பி?"

"ஒரு பலகைக்கு ஆர் அக்கா கேக்கப்போயினம்? நானிருக்கிறன்."

இந்த 'நானிருக்கிறன்' என்ற சொல்லை நம்புகிற அளவுக்கு எங்கள் சனம் கர்த்தரையும் நம்பியிருந்தால் எப்போதோ கரையேறியிருக்கும்.

இரண்டு வருடம் பலகை இருந்தது. பிறகு கட்டடத்துக்குப் புது நிர்வாகி வந்தார். அனுமதியில்லாமல் பொது இடத்தில் வைத்ததையெல்லாம் பட்டியல் போட்டார்: செருப்புத் தட்டு, பூச்சட்டி, சைக்கிள், ஏசிப் பெட்டி, பலகை. எதை விடுவது, எதை எடுப்பது என்று வியாழன் மாலை வீட்டுக்காரர் கூட்டத்தில் வாக்கெடுப்பு. அந்த நேரம் அகஸ்ரீனா வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவை, அந்த வயதான அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள்.

ஸ்ரீபன் டெலேகாவோடு வந்தான். அவளுக்குப் பதிலாக அவன் வாக்குப் போடலாம் என்று எழுதிக் கொடுக்கிற கடதாசி அது. எந்தப் பக்கம் போடவேண்டும் என்பது அதில் இல்லை. அவளும் கேட்கவில்லை. பிள்ளையின் ஞானத்தகப்பனிடம் அப்படிக் கேட்பது அவன் முகத்தில் அடிக்கிற மாதிரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த கிழமை கூட்ட அறிக்கை வந்தது. வாசித்துக்கொண்டு போன கிளறா நடுவில் நிறுத்தினாள்.

"அம்மா, பலகையைக் கழட்டச் சொல்லியோ நீங்கள் வாக்குப் போட்டனீங்கள்?"

கழற்றச் சொன்னவர்கள் வரிசையில் அகஸ்ரீனாவின் பெயர் இருந்தது. அடுத்த பக்கத்தில் இன்னொன்று: உள்முற்றச் சுவரில் ஸ்ரீபன் கேட்காமல் மாட்டியிருந்த ஏசிப் பெட்டி இருக்கலாமாம்.

படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"எல்லாரும் எதிர், அக்கா. ஒண்டை விட்டுக் குடுத்தால்தான் ஒண்டு மிஞ்சும்," என்றான் ஸ்ரீபன்.

"உன்ரையை விட்டிருக்கலாமே?"

"நானே வந்து கழட்டிவிடுறன்."

"வேண்டாம். கையெழுத்து என்ரை. நானே கழட்டுறன்."

கழற்றினாள். ஆணி ஒவ்வொன்றும் இறுகித்தான் இருந்தது. நல்லாய்த்தான் பூட்டியிருந்தான், பாவி. கிறிகோரியிடம், கட்டடத்துச் சட்டம், எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். அவரைத் தேடி வந்து கதைக்கிற ஒரே ஆள் ஸ்ரீபன். அதையும் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து ஏறினார்கள். இரண்டாம் மாடியில் கிறிகோரி பழக்கத்தில் பின்னால் கையை நீட்டிச் சுவரைத் தடவினார். நாலு துளைதான் இருந்தது. மூச்சு வாங்க, மெல்லப் படியில் குந்தினார்.

"ஸ்ரீபனைக் கூப்பிடும். பலகை இல்லாட்டி என்ன, அவன் ஒரு கதிரை தருவான்."

ஸ்ரீபனின் கதவுக்குப் பின்னால் தொலைக்காட்சி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் வீட்டிலை இல்லையப்பா," என்று சொல்லி அகஸ்ரீனா அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்தாள்.