மழைக்கு மறுநாள் வந்த ஜீப்

சட்டசபையில் ஒரு வாக்கியம் சொன்னார்கள். அதைத் திருத்தச் சொல்லி நான் ஏழு மனு எழுதினேன். கோவில்பட்டியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. தீப்பெட்டி லேபிளில் ஒரு கொம்பு விட்டுப்போனால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். இந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று வருடம். நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

வாக்கியம் இதுதான்: "மேற்படி கிராமத்தில் விவசாயிகள் விதையை மிகையான ஆழத்தில் ஊன்றியதே முளைப்பு பாதிக்கப்பட்டதற்குக் காரணம்."

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புரட்டாசி. அரசாங்கத்துக்குச் சொந்தமான விதைக் கம்பெனி எங்கள் ஊருக்குப் பருத்தி விதை கொடுத்தது. கழுகுமலை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் பாதையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். பச்சைப் பை, பையின் மேல் வெடித்துச் சிரிக்கிற பருத்தி. ஊரே அதை வாங்கி விதைத்தது. மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில், நல்ல ஆழத்தில். எங்கள் பக்கம் அப்படித்தான் விதைப்பார்கள். நாலு தூறல் போட்டு ஏமாற்றிவிட்டுப் போகிற மேகத்துக்கு விதை மயங்கிவிடக் கூடாது. பெருமழை உள்ளே இறங்கிவந்து தொட்டால்தான் கண் விழிக்க வேண்டும். அதற்குத்தான் ஆழம்.

ஐப்பசியில் பெருமழை இறங்கியது. தொட்டது. விதை விழிக்கவில்லை.

அக்கா காட்டில் மட்டும் மூன்று உழவுசால் முளைத்திருந்தது. கம்பெனி விதை பற்றாமல் போனதால் கடைசி மூன்று சாலுக்கு வீட்டில் கிடந்த பழைய பருத்திக்கொட்டையைப் போட்டிருந்தாள். அதே நாள், அதே மாடு, அதே கை. கறுத்த காட்டின் ஓரத்தில் மூன்று பச்சைக் கோடு. பார்த்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு ஒரே குரலில் சொன்னார்கள்: "விதை சொத்தை."

அக்கா என் உடன்பிறந்த மூத்தவள். அத்தான் லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே. காடு அக்கா பொறுப்பு. எங்கள் ஊரில் யார் காட்டில் விதைப்பு என்றாலும் முதல் சாலில் முதல் கை விதை அவள்தான் போட வேண்டும். கைராசி. விடியக்காலையிலேயே வந்து கூப்பிடுவார்கள். ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏருக்குப் பின்னால் அவள் நடப்பதைப் பார்த்தால், யாருக்கும் அவசரமே இல்லாத ஓர் ஊரில் இருக்கிறோம் என்று தோன்றும். நான் எழுத ஆசைப்பட்டுத் தோற்றுப்போன வரிகளில் அந்த நடையும் ஒன்று.

தொகுதி உறுப்பினர் சபையில் கேள்வி கேட்டார். மந்திரி, கம்பெனி எழுதிக் கொடுத்ததை எழுந்து நின்று வாசித்தார். மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது. டீக்கடையில் அந்த நாலு வரியை ஒருவர் சத்தம் போட்டு வாசித்தார். அவ்வளவுதான். விதை சொத்தை என்று முந்தின நாள்வரை சொன்ன ஊர், ஆழமாகப் போட்டது யார் என்று கேட்க ஆரம்பித்தது. எல்லார் காட்டிலும் முதல் கை யாருடையது?

பக்கத்துக் காட்டு அண்ணாச்சி நல்ல மனிதர். ஆடு மாடு வைத்திருந்தார், கொஞ்சம் பருத்தியும். அவரே அக்கா வாசலில் வந்து நின்று சொன்னார்.

"தங்கச்சி, ஒன்னய ஒண்ணும் சொல்லல. ஆனா சட்டசபையில சொல்லுதாங்கன்னா சும்மாவா சொல்லுவாங்க?"

"அந்த மூணு சால் மொளச்சுதே, அண்ணாச்சி. அது யாரு கை?"

"அது ஒன் காடு. ஒன் காட்டுக்கு ஒன் கை சரியாத்தான் இருக்கும்."

இந்தப் பதிலுக்கு என்ன செய்வது? முட்டிக்கொள்ளச் சுவர் தேடலாம்.

அடுத்த புரட்டாசியில் அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அண்ணாச்சி தெற்குத் தெருவிலிருந்து வேறொரு பெண்ணைக் கூட்டிவந்தார். அக்கா தன் காட்டு வரப்பில் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் பஸ் ஏறி அச்சகத்துக்கு வந்துவிட்டாள். கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டே பேசினாள்.

"ஏலே, நட்டஈடு கிட்டஈடு எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தப் பேச்ச வாபஸ் வாங்கச் சொல்லு."

"அக்கா, சட்டசபையில சொன்னத அப்படி லேசுல..."

"சொன்னவியளுக்கு வாய் இருக்குல்லா? அதே வாயால மாத்திச் சொல்லட்டும்."

முதல் மனுவை நான் மனம் உருகி எழுதினேன். கரிசல் மண்ணின் பொறுமையில் தொடங்கி, விதையின் உறக்கம் வழியாக, ஒரு பெண்ணின் விரல் நுனிக்கு வந்து முடித்திருந்தேன். தாலுகா ஆபீஸ் கிளார்க் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"சார், நல்லாத்தான் இருக்கு. இதுல கோரிக்கை எங்கன இருக்கு?"

இரண்டாம் மனுவில் கோரிக்கை மட்டும் எழுதினேன். அது கலெக்டர் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து துறைக்குப் போய், துறையிலிருந்து அதே கம்பெனிக்குப் போனது. கம்பெனி பதில் எழுதியது: "இது குறித்துப் பேரவையில் ஏற்கெனவே விளக்கம் அளிக்கப்பட்டுள்ளது." விளக்கம் பொய் என்றுதானே ஐயா மனு! மூன்றாவதற்கும் அதே பதில். நான்காவதற்குப் பதிலே இல்லை. ஐந்தாவதோடு, ஊரில் வேறொருவர் வீட்டில் பாதி மீந்து கிடந்த விதைப் பையை அனுப்பினோம். இத்தனை நாள் கிடந்த விதை முளைக்காதது இயல்பே என்று எழுதினார்கள். ஆறாவதோடு போட்டோ வைத்தேன். அந்த மூன்று சால் பயிரையும் எடுக்கத்தான் முதல் வருடமே கோவில்பட்டி ஸ்டுடியோக்காரரைக் காட்டுக்குக் கூட்டிப்போயிருந்தேன். மனிதர் அக்காவை நடுவில் நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்யச் சொல்லி, முகத்தை மட்டும் தெளிவாக எடுத்திருந்தார். பின்னால் பயிர் பச்சைப் புகையாகக் கலங்கிக் கிடந்தது. அக்கா அழகாக இருந்தாள். சாட்சிக்கு உதவவில்லை.

இப்படிப்பட்ட விஷயங்களை விசாரிக்கவே சட்டசபையில் ஒரு குழு இருக்கிறது என்று அச்சகத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்த ஒரு வக்கீல் சொன்னார். ஏழாவது மனு அங்கே போனது. மந்திரி சொன்ன பதிலின் முழு நகலையும் உறுப்பினர் அலுவலகத்தில் நடையாய் நடந்து வாங்கினேன். அதை ஐம்பது தடவையாவது படித்திருப்பேன். பழக்கதோஷம், ஒற்று விட்ட இடங்களில் பென்சிலால் குறி வேறு போட்டு வைத்திருந்தேன். அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. சாரத்தை மட்டும் சொன்னேன். படித்தவன் அல்லவா, சாரம் போதும் என்று நினைத்தேன்.

ஒரு கார்த்திகையில் குழு கோவில்பட்டிக்கு வந்தது. பயணியர் விடுதியில் நீள மேசை. தலைவர் ஆற்றுப் பாசனப் பக்கத்துக்காரர், சந்தன நிறச் சட்டை, நிதானமான ஆள். கம்பெனி அதிகாரி கோப்பைப் பிரித்து அந்தப் பழைய பதிலை முதலிலிருந்து வாசித்தார். அக்கா அதைக் காதால் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"... பெருமழைக்கு மறுநாள் அலுவலர்கள் ஜீப்பில் நேரில் சென்று, விதைத்த நிலங்களைத் தோண்டி அளந்ததில்..."

"நிப்பாட்டுங்க," என்றாள் அக்கா. "மறுநாளா?"

அதிகாரி நிமிர்ந்தார். "ஆமாம்மா."

"சீப்புலயா?"

"ஜீப்பில்தான்."

"எங்க ஊருக்குள்ளயா?"

"ஊருக்குள்தானே அம்மா நிலம் இருக்கிறது."

அக்கா சிரித்துவிட்டாள். எனக்கு முகம் சுட்டது. ஐம்பது தடவை படித்தவன் நான். பிறந்து வளர்ந்த பாதை அது. பெருமழை பெய்தால் நாலைந்து நாளைக்கு அதில் வண்டி என்ன, ஆடுகூட இறங்காது. பால்காரர் ரோட்டிலேயே கேனை வைத்துவிட்டுக் கத்துவார். விட்டுப்போன ஒற்றெழுத்தைத் தேடிய கண்ணுக்கு இது தெரியவில்லை.

தலைவருக்குப் புரியவில்லை. "சேறுதானே அம்மா? எங்க ஊர்ல வயலுக்குள்ளேயே ஜீப் ஓட்டுறோமே."

"ஐயா, ஒங்க ஊரு சேறு விட்டுரும். எங்க ஊரு மண்ணு விடாது. நேத்து நாலு சொட்டு விழுந்துருக்கு. நீங்களே வந்து பாருங்க."

தலைவர் எழுந்தார். "இவங்க ஜீப்புலேயே போவோம்," என்றார் அதிகாரியைக் காட்டி.

முந்தின நாள் பெய்ததைப் பெருமழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜீப் ரோட்டை விட்டு இறங்கியது. ஐம்பது அடி போயிருக்கும். கரிசல் சக்கரத்தில் ஏறிச் சுற்றி, சுற்றி ஏறி, நாலு சக்கரமும் நாலு அம்மிக்கல் ஆயின. டிரைவர் முறுக்கினார். வண்டி முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. "இறங்கியே பார்த்துடறேன்," என்று தலைவர் காலை வைத்தார். இரண்டாவது எட்டில் செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. கால் மட்டும் வெளியே வந்தது.

"இது நேத்து மழைக்கா?" என்றார், வெறுங்காலைத் தூக்கிப் பிடித்தபடி.

"இது மழையே இல்லய்யா," என்றாள் அக்கா.

அதிகாரி ஜீப்புக்குள்ளிருந்தே சொன்னார். "தட்டச்சுப் பிழையாக இருக்கலாம் சார்."

அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "நானும் அந்தத் தொழில்தான் சார். பத்து நாள் கழிச்சுங்கறது கை தவறி மறுநாள்னு ஆகாது."

"அப்போ யார் அளந்தது?" என்றார் தலைவர்.

"கீழிருந்து வந்த அறிக்கை ஐயா."

"கீழேன்னா?"

"கிளை அலுவலகம்."

"கிளையில யாரு?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"மந்திரி எழுந்து நின்னு சொல்லியிருக்காரு. நாங்க அத்தனை பேரும் உக்காந்து கேட்டிருக்கோம்," என்று தலைவர் யாரிடம் என்றில்லாமல் சொன்னார். பிறகு குனிந்து செருப்பைப் பிடுங்கினார். ஒரே இழுப்பில் வரவில்லை.

அவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிட்டதே, இனி ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அறிக்கை வர அடுத்த ஆடி ஆயிற்று. மெல்லிய புத்தகம். எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பத்தி. "விதை நிறுவனம் நேரில் ஆய்வு செய்யாமலேயே செய்ததாக அறிக்கை அளித்து, அவைக்குத் தவறான தகவல் சென்றடையக் காரணமாயிருந்ததைக் குழு கண்டிக்கிறது. அரசு அதைச் சரிபார்க்காமல் அவையில் தெரிவித்ததும் வருந்தத்தக்கது." அதன் கீழே அரசின் பதில்: சம்பந்தப்பட்ட அலுவலர் ஓய்வு பெற்றுவிட்டதால் நடவடிக்கை எடுக்கும் கேள்வி எழவில்லை, திருத்திய விடை பேரவையின் மேசையில் வைக்கப்பட்டது.

"மேசையில வச்சாங்களா? வாயால சொல்லலையா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. திருத்தம்னா மேசையிலதான் வைப்பாங்க."

"பொய்ய நின்னுக்கிட்டு சொல்லுதாவ, நெசத்த மேசையில வச்சிட்டுப் போயிருதாவளோ?"

பேப்பரில் இது ஒரு வரிகூட வரவில்லை. நானே புத்தகத்தை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"தம்பி, கம்பெனிக்காரன் பொய் சொன்னான்னு போட்டிருக்கு, சரி. அக்கா கை நல்ல கைன்னு எங்கனயும் போடலையே?"

அன்றைக்கு நான் அவரிடம் பேசியதை எழுத முடியாது. திரும்பி வரும்போது, ஏழு மனுவையும் புத்தகத்தையும் சேர்த்துக் கொளுத்தி அதில் காப்பி போடலாம் என்று இருந்தது.

புரட்டாசி வந்தது. விதைப்புக்கு நாள் குறித்துவிட்டு, அண்ணாச்சி காலையிலேயே அக்கா வாசலுக்கு வந்தார். நானும் அன்று ஊரில் இருந்தேன். அவர் பார்வை எங்கள் இருவர் மேலும் படாமல் வேப்ப மரத்தில் இருந்தது.

"தெக்குத் தெருப் பிள்ளைக்கு தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை கெடச்சிருச்சாம். வரமாட்டேன்னுட்டா. தங்கச்சி, நீ ஒரு கை போட்டுட்டுப் போயேன்."

மூன்று வருடத்து மனு, குழு, ஜீப், செருப்பு எல்லாம் போய், கடைசியில் ஆள் பற்றாக்குறை அக்காவைக் கூப்பிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. அக்காவுக்கு வார்த்தை வந்தது.

"வாரேன் அண்ணாச்சி. தம்பியும் வருவான். அந்தப் புத்தகத்த எடுத்துக்கோலே."

காட்டில் மாடு பூட்டி நின்றது. அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அக்கா ஓலைப்பெட்டியை வாங்கி இடுப்பில் வைத்தாள். கையைப் பெட்டிக்குள் விடவில்லை.

"வாசிலே. சத்தமா."

வாசித்தேன். வெட்டவெளியில், புழுதிக் காற்றில், 'கண்டிக்கிறது' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அத இன்னொருக்கா." இன்னொரு தடவை வாசித்தேன். 'சரிபார்க்காமல்' என்பதையும் இரண்டு தடவை. மாடு வாலைச் சுழற்றியது. ஏர் மேழி பிடித்திருந்தவர் கால் மாற்றி நின்றார். அரசின் பதிலையும் வாசித்து முடித்தேன்.

"முடிஞ்சுதுல்லா தம்பி? வெயில் ஏறுது," என்றார் அண்ணாச்சி.

"பின்னால இணைப்புன்னு ரெண்டு பக்கம் இருக்கு அண்ணாச்சி. அது சும்மா..."

"அதையும் வாசி," என்றாள் அக்கா.