மாசித் திதிக்கு வைத்த உருளை

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரைப் பெற்றேன், ஐந்து பேரையும் ஆளாக்கினேன். அதற்காக யார் வாசலிலும் போய் நின்றதில்லை. நாலாவது மகன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எப்படிப் போனான் என்று நான் சொல்லப் போவதில்லை.

அவனுக்குச் சோற்றோடு உருளைக்கிழங்கு வேண்டும். இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். முதல் வருஷத் திதிக்கு அதைத்தான் அரிந்து வைத்திருந்தேன். பொழிச்சலூரிலிருந்து வந்த ஐயர் பார்த்துவிட்டார்.

“உருளை சீமைக் காய்ம்மா. பித்ருக்களுக்கு ஆகாது. வாழைக்காய் பண்ணுங்கோ.”

“எங்க வீட்டு மண்ணுல வெளைஞ்சா அது நாட்டுக் காய்தானே சாமி?”

அவர் சிரித்தார். “வெளையட்டும், பாக்கலாம்.”

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

தாம்பரம் பக்கத்தில் உருளைக்குக் காலம் குறைவு. ஐப்பசியில் வைத்தால் மழையில் அழுகும். தை பிறந்து வைத்தால் கிழங்கு இறங்குவதற்குள் வெயில் ஏறிவிடும். ராத்திரி குளிர்ந்தால்தான் அது கிழங்கு பிடிக்கும். அதனால் கார்த்திகைக் கடைசியில், மழை விட்டதும் வைத்தேன். மாசித் திதிக்குச் சரியாக வரும் என்று கணக்கு. கொல்லையில் தண்ணீர் வடியவில்லை, மொட்டை மாடியில் பைகளில்தான் வைக்க முடிந்தது. முளைவிட்ட கிழங்கைக் கண்ணுக்கு ஒரு துண்டாக வெட்டி, இஸ்திரிக்காரரிடம் வாங்கின சாம்பலைத் தொட்டு, நிழலில் உலர்த்தி, முளை மேலே பார்க்கப் புதைக்க வேண்டும். பையை முதலிலேயே நிரப்பக் கூடாது. செடி எழும்ப எழும்ப மண் அணைத்துக்கொண்டே வர வேண்டும்.

பக்கத்து மாடியில் பூச்செடி வளர்க்கும் ரிட்டையர்டு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, ஊட்டியையே மாடிக்கு ஏத்திட்டீங்க? இது வெறும் களிமண்ணாச்சே. நர்சரில தேங்காய் நார்த்தூள் விக்கிறான், கலந்து போடுங்க. இல்லன்னா கெழங்கு பருக்காது.”

“கடையில வாங்கினதுல வெளைஞ்சா அது எங்க வீட்டு மண்ணா டீச்சர்?”

“அப்ப உங்களுக்குக் கெழங்கு வேணுமா, மண்ணு வேணுமா?”

கொல்லை மேட்டு மண்ணையே பெரியவனை விட்டு மேலே ஏற்றினேன்.

செடி என்னவோ தளதளவென்றுதான் வந்தது. பொங்கல் கழிந்து வெயில் உறைத்ததும் களிமண் வெடித்தது. வெடிப்பில் வெளிச்சம் இறங்கினால் கிழங்கு பச்சையேறிவிடும். பச்சையேறினது கசக்கும், உடம்புக்கும் ஆகாது. விரலால் மண்ணைத் தள்ளித் தள்ளி மூடினேன். மறுநாள் வேறு இடத்தில் வெடித்திருக்கும்.

திதிக்கு முதல் நாள் பைகளைக் கவிழ்த்தேன். கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கிடந்தது. பாதிக்கு மேல் பச்சை. நல்லதாகப் பொறுக்கினால் ஓர் உள்ளங்கைக்குக்கூட நிறையவில்லை. ஆனாலும் அலம்பி, தனித் தட்டில் எடுத்து வைத்தேன். அவன் இலைக்கு அவ்வளவு போதும்.

ஐயர் தட்டைப் பார்த்துவிட்டு ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“அன்னிக்கு உங்க மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேம்மா. மூட்டையா வெளைஞ்சாலும் இலையில வெக்க ஆகாது.”

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சாமி.”

“விடும்மா” என்றான் பெரியவன். “சாயங்காலம் கடையில வாங்கி வறுத்து நாம சாப்பிட்டுக்கலாம்.”

நாங்கள் சாப்பிடவா நான் வைத்தேன்?

இலையில் வாழைக்காய் வைத்தார்கள். உயிரோடு இருந்தவரை அவன் அதைத் தொட்டதில்லை. காக்காய் வந்து எடுத்தது. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். வரும் கார்த்திகைக்கு எதையும் வைக்கப் போவதில்லை. இனி அவனுக்கென்று என்னால் செய்யக்கூடியது ஒன்றும் மிச்சமில்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவன் மகள்தான் எழுதுகிறாள்.

போதும் கண்ணு. மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. உங்கப்பா வர்ற எடத்துல நிறுத்தாம படி.