நாற்பதுக்குக் கீழே இறங்கப் பார்த்த பீப்பாய்

அல்ககோல் அளக்கும் ஹைட்ரோமீட்டர் நாற்பது வீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் அந்தப் பீப்பாயில் இருப்பதை விஸ்கி என்று விற்கச் சட்டம் விடாது. கம்பனியே ஆட்டம் காணும். முதலாளியின் பெயர் பெண்ட். அவரிடம் சொன்னேன். பரவாயில்லை, காத்திருப்போம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் நகரில் இருந்த அந்தக் கம்பனியில் மொத்தமே நாங்கள் இரண்டு பேர். விஸ்கி காய்ச்சுவது எங்கள் வேலை இல்லை. ஸ்கொட்லாந்தில் காய்ச்சியவர்களிடம் ஒவ்வொரு பீப்பாயாக வாங்கிவந்து, தண்ணீர் கலக்காமல் போத்தலில் அடைத்து, எங்கள் லேபிளை ஒட்டி விற்றோம். நான் குடிக்காதவன் என்பதால்தான் பெண்ட் என்னைச் சேர்த்தார்.

அப்போது என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தாள். அவளைக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பம் எப்போது கேட்டாலும் 'பரிசீலனையில்' இருந்தது. அகதியாக வந்திருந்த எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் அதே பதில்தான். இதைக் கேட்டு உருகிப்போன பெண்ட், இருந்ததிலேயே பழைய பீப்பாயில் அவள் பெயரைச் சோக்கால் எழுதினார். அவள் வந்து இறங்கும் நாளில்தான் திறப்பாராம். வாடிக்கையாளர்களுக்கும் காட்டினார். அவர்களும் கண்கலங்கினார்கள். கலங்கி என்ன பயன்? பீப்பாயில் கிடக்கக் கிடக்க விஸ்கியின் அல்ககோல் இறங்கியது. அவள் மட்டும் வரவில்லை.

அன்று அவள் போன் எடுத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த மனுசனுக்கு விசரே? என்ர பேரை அழிச்சுப்போட்டு விக்கச் சொல்லுங்கோ. அவர் டெனிஷ்காரர்தானே, அரசாங்கத்திட்டப் போய் வாயைத் திறந்து கேக்கட்டும்."

மறுநாள் பெண்டிடம் நேரே சொன்னேன். "உம்மட பீப்பாய் காத்திருக்கிறதால அவளுக்கு விசா வராது. நான் கேட்டா கதவைச் சாத்துறாங்கள். நீர் வோட்டுப் போடுற ஆள். நீர் கேளும்."

"உமக்கு உதவி எண்டுதான் செய்தனான்."

"அது உமக்குத்தான் நல்லா இருக்கு. எனக்கில்லை."

அவர் முகம் சிவந்துவிட்டது. துணியை எடுத்துப் பெயரைத் துடைத்தார். இருவருமாக அந்த விஸ்கியைப் போத்தலில் அடைத்து முடித்தோம். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு தொகுதி எம்.பி.யைப் பார்க்கப் போனார். எம்.பி. அசையவில்லை என்றதும் திரும்பத் திரும்பப் போனார். விஸ்கி வாங்க வந்தவர்களிடமும் முதலில் எங்கள் விண்ணப்பங்களைப் பற்றித்தான் கதைத்தார். சிலர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கும் அவர் வாயை மூடவில்லை.

நீதியமைச்சில் எங்கள் கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பின்னர் ஊருக்கே தெரியவந்தது. அதன்பிறகு கோப்புகள் நகர்ந்து, மனைவி வந்து சேர்ந்தாள். பெண்ட் கதைத்ததால்தான் வந்தாள் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மனிதர் எங்களுக்காக வியாபாரத்தை இழந்தவர். அதை மறக்கமாட்டேன்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலாளி உங்கள்மேல் இரக்கப்பட்டால் தலையாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். என்ன வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சொல்லாவிட்டால், கொடுக்க அவருக்கு எது சுகமோ அதைத்தான் தருவார்.