இரவல் நாற்காலியும் கால் பங்குக் கிணறும்

புளிக் கொள்முதலுக்கென்று கிளம்பினாலும், ஊர் பார்க்கும் கிறுக்குதான் எனக்கு முதல். போன வருஷம் மாசியில் பேரிகைப் பக்கம் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தன் ஊருக்கு அபிவிருத்தி ஆபீசர் வருகிறார், நீங்களும் வாருங்கள் என்று நண்பர் ராமப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

கிருஷ்ணகிரியில் காலை ஆறரைக்கு பஸ். சூளகிரிக்குப் பதினாறு மைல், பத்தணா. அங்கே பஸ் மாறிப் பேரிகைக்கு ஆறணா. பிறகு இரண்டு மைல் மாட்டுவண்டி. வண்டிக்காரர் ஒரு ரூபாய் கேட்பார், எட்டணாவுக்கு இறங்கி வருவார். வழியெல்லாம் பாறையும் புளியமரமும்தான். எனக்கு அலுப்பதே இல்லை.

ராமப்பா அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். குடிதண்ணீர்க் கிணறு வெட்டப் பாதிச் செலவை சர்க்கார் கொடுக்கும், மீதியை ஊர் போட வேண்டும் என்பது விதி. இரண்டு வருஷமாக மழையில்லை, பஞ்சாயத்தில் பணம் ஏது? பெண்கள் பக்கத்து ஊர்க் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். ஊர்ப் பங்கைக் கால்வாசியாகக் குறைக்கும்படி மனுப் போட்டிருந்தார்கள். ஊர் ஏழைதான் என்று ஆபீசர் நேரில் கண்டு எழுதினால் கிணறு. இல்லாவிட்டால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

நான் போய் இறங்கினால், ஏழை ஊரைக் காணோம்! மாவிலைத் தோரணம், ஜமக்காளம், கைவைத்த நாற்காலி, பளபளக்கும் பித்தளைச் சொம்பு, கோழிக்குழம்பு மணம்.

"ஏன் ராமப்பா, கல்யாணமா இங்கே?" என்றேன்.

"வூட்டுக்கு வர்ற மனுசனை வெறுந்தரையில குந்த வெக்க முடியுங்களா?" என்றார்.

இந்தப் பக்கத்து மனிதர்களை எனக்குப் பிடித்துப்போனதே இதனால்தான். ஆனாலும் அன்று அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

ஆபீசர் வந்தார், சாப்பிட்டார், சுற்றுமுற்றும் பார்த்தார். "பாதிப் பங்கு போட முடியாத ஊரா இது?" என்றார்.

அந்த நேரம் பக்கத்து ஊர் அம்மாள் ஒருத்தி வந்து, "நா செம்பு இய்யண்ணா" என்று தெலுங்கில் தன் சொம்பைத் திருப்பிக் கேட்டாள். சாப்பாடு முடிந்ததும் தருவதாகச் சொல்லி வாங்கியிருக்கிறார் மனிதர்! பின்னாலேயே ஜமக்காளத்துக்கு ஒருவர். அவருக்கும் பின்னால் நாற்காலிக்காரர், ஆபீசர் எழுந்திருக்கட்டும் என்று மரியாதையாகக் கைகட்டி நின்றார்.

ஆபீசர் எழுந்தார். நாற்காலி போயிற்று.

"கோழி?" என்றார் ஆபீசர்.

"அதுவும் கைமாத்துதாங்க சாமி. திருப்பித்தான் தர முடியாது."

ஆபீசர் சிரித்துவிட்டார். "சொந்தமா என்னதான்யா வச்சிருக்கீங்க?"

"கல்லு கெடக்குதுங்க. கையி இருக்குது."

ஊர்ப் பங்கு கால்வாசி போதும், அதையும் கல்லாகவும் உழைப்பாகவும் தரலாம் என்று அங்கேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்து எழுதினார்.

இந்த மாசியில் மறுபடி போய்வந்தேன். போக நினைப்பவர்களுக்கு: சந்தை நாளில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. பேரிகையிலிருந்து கடைசி பஸ் மாலை ஐந்துக்கு. ராமப்பா வீட்டில் விருந்து வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கேட்கமாட்டார், ஆனாலும் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் சுமந்துபோக வேண்டாம்.

போய் உட்கார்ந்ததும் சொம்பை நீட்டினார். குடித்தேன், வயிறும் மனசும் குளிர்ந்தன. சொம்பு அதே பித்தளைச் சொம்பு, இன்னும் இரவல்தான். தண்ணீர் அவர்களுடையது.